காசின் மதிப்பு எதில் உறைகிறது?

ரஷ்ய நாட்டு நாணயமான ரூபிளின் பெயர், வெட்டுதல் அல்லது தறித்தல் என்று பொருள்படும் அந்நாட்டு வினைச்சொல்லின் அடியாகப் பிறந்தது என்பது மொழியறிஞர் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட கருத்தாகும். 13ஆம் நூற்றாண்டில் வடமேற்கு ரஷ்யாவின் நோவ்கொரோத் நகர வணிகர்கள், பெருந்தொகைகளைக் கொடுக்கவும் வாங்கவும் ஏறத்தாழ 200 கிராம் எடையுள்ள வெள்ளிக் கட்டிகளைப் பயன்படுத்தி வந்தார்கள். கட்டியைத் துண்டாக வெட்டிக் கொடுத்ததனால் அப்பெயர் வந்தது என்பர் ஒரு சாரார். உருக்கிய வெள்ளியை இரண்டு முறையாக ஊற்றி வார்த்ததனால் கட்டியின் பக்கத்தில் தழும்புபோல் நின்ற பொருத்துக்கோடே காரணம் என்பர் மற்றொரு சாரார். இரண்டு விளக்கங்களிலும் வேர்ச்சொல் ஒன்றே. வெள்ளியின் மீது மனிதக் கை செய்த செயலே பெயராயிற்று என்பதும் இரண்டுக்கும் பொது. ரூபிளின் நூற்றில் ஒரு பங்கான கோப்பெக்கின் வரலாறு இதற்கு நேர்மாறானது. 1535இல், சிறுவனாயிருந்த நான்காம் இவானுக்காக ஆட்சிப் பொறுப்பேற்றிருந்த அவன் தாய் எலேனா கிளின்ஸ்கயா நாணய முறையைச் சீர்திருத்தியபோது, ஈட்டி ஏந்திய குதிரைவீரன் உருவம் ஒரு வகைக் காசின்மேல் பொறிக்கப்பட்டது; அந்த ஈட்டியின் பெயரே நாளடைவில் காசின் பெயராக நிலைத்தது. 1704இல் ஜார் மன்னன் பீட்டர் நூறு கோப்பெக் கொண்டது ஒரு ரூபிள் என வகுத்து வெள்ளி நாணயம் வெளியிட்டபோது, வெட்டின் பெயரும் உருவின் பெயரும் ஒரே கணக்கில் சேர்ந்தன.

ரூபிள், ரூபாய் என்னும் இரண்டும் ஒரு சொல்லின் திரிபுகள் என்று எண்ணுவோர் உண்டு. அந்த ஒலியொப்புமை தற்செயலானது. ரூபாய் என்பது உருவம் என்னும் பொருளுடைய ‘ரூபம்’ என்ற வடசொல்லிலிருந்து கிளைத்த ‘ரூப்யம்’ என்பதன் வழிவந்தது. 1540 முதல் 1545 வரை வட இந்தியாவை ஆண்ட ஷேர் ஷா சூரி சுமார் 11.5 கிராம் எடையில் வெளியிட்ட வெள்ளி நாணயம் அப்பெயரை நாடெங்கும் பரப்பியது என்றாலும், சொல் அவனுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தியது. பாணினி தம் இலக்கண நூலின் ஐந்தாம் இயலில், ரூபம் என்ற சொல்லோடு ஒரு விகுதி சேரும்போது இரண்டு பொருள்கள் பிறக்கும் என்று விதிக்கிறார்: ஒன்று, உருவம் அடித்துப் பொறிக்கப்பட்டது, மற்றொன்று, உருவத்தால் புகழப்படுவது, அதாவது அழகியது. பின்வந்த காசிகை உரை முதற்பொருளுக்கு எடுத்துக்காட்டாகத் தீனாரம், கார்ஷாபணம் ஆகிய காசுகளையே காட்டுகிறது. ஆக, ஒரு நாட்டார் தம் பணத்தை வெட்டப்பட்டது என்றார்கள். இன்னொரு நாட்டார் உருவம் பொறிக்கப்பட்டது என்றார்கள். வெட்டு என்பது அளவைக் குறிக்கும். உரு என்பது அடையாளத்தைக் குறிக்கும். காசின் மதிப்பு அதன் உலோக அளவில் உறைகிறதா, மேலே பதிந்த அடையாளத்தில் உறைகிறதா, இரண்டுக்கும் வெளியே வேறெங்கேனும் உறைகிறதா என்ற மெய்யியல் வினா இவ்விடத்தில் எழுகிறது.

இவ்வினாவை ஆராய்வதற்குத் தேனி மாவட்டமே தக்க சான்று ஒன்றை வைத்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், இன்று ஏலக்காய் வணிகத்துக்குப் பேர்பெற்று விளங்கும் போடிநாயக்கனூரில், அப்பகுதி மதுரை மாவட்டத்தோடு சேர்ந்திருந்த காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளி முத்திரைக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. முத்திரைக் காசு என்பது இந்தியத் துணைக்கண்டத்தின் மிகப் பழைய நாணய வகை. அதில் அரசன் தலையோ எழுத்தோ இராது. வெள்ளியை அடித்துத் தகடாக்கி, தகட்டைச் சிறு வில்லைகளாக வெட்டி, ஒவ்வொரு வில்லையையும் நிறுத்து, எடை மிகுந்திருந்தால் மூலையைக் கத்தரித்துச் சரிசெய்து, அதன் பிறகே சூரியன் முதலான சின்னங்களைத் தனித்தனி அச்சுகளால் ஒன்றன்பின் ஒன்றாக அடித்துப் பதிப்பார்கள். அதனால்தான் அக்காசுகளில் பல வட்டமாக இல்லாமல், மூலை மழுங்கிய சதுரமாகவும் நீள்சதுரமாகவும் இருக்கின்றன. ஒரு சின்னத்தின் பாதி விளிம்புக்கு வெளியே ஓடிவிடுவதும் உண்டு. போடிநாயக்கனூர்க் காசுகளின் பின்புறத்தில் மீனைக் கோட்டுருவாகக் காட்டும் சின்னம் இருப்பதால், அவற்றை முற்காலப் பாண்டியர் வெளியிட்டவை என்று நாணயவியலார் கொள்கின்றனர். வடநாட்டுக் காசு முறையை ஏற்று, அதன் பின்புறத்தில் தன் குலச் சின்னத்தைச் சேர்த்த ஓர் அரசின் கைவேலை அது. ரூபிளின் பெயரில் உள்ள வெட்டும் ரூபாயின் பெயரில் உள்ள உருவும் இந்தச் சிறு வெள்ளித் துண்டில் ஒன்றாகக் கிடக்கின்றன. மூலையில் கத்தரித்த தடம் ஒன்று, முகத்தில் அடித்த முத்திரை ஒன்று.

உலோகமே மதிப்பு என்பார் கூற்றை முதலில் எடுத்துக்கொள்ளலாம். கணித அறிஞரும் வரலாற்றாய்வாளருமான தாமோதர் தர்மானந்த கோசாம்பி, தட்சசீலத்தில் கிடைத்த முத்திரைக் காசுகளை 1940களில் ஒவ்வொன்றாக நுண்தராசில் நிறுத்து, புழக்கம் கூடக் கூடக் காசின் எடை எவ்வாறு குறைந்து செல்கிறது என்பதைப் புள்ளியியல் வழியில் நிறுவினார். கைமாறும் ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத அளவில் வெள்ளி தேய்கிறது. எனவே எடைக் குறைவே காசின் வயதைச் சொல்லும் சான்றாகிறது என்பது அவர் கண்ட முடிவு. தேய்மானத்தை அளவிட முடிகிறது என்றாலே, தேய்ந்த காசும் தேயாத காசோடு சேர்ந்து நெடுங்காலம் புழங்கியது என்றே பொருள். வெள்ளி போன பின்பும் மதிப்பு நின்றிருக்கிறது. அப்படியாயின் மதிப்பு வெள்ளியில் மட்டும் இல்லை.

உலோகக் காசுக்கும் முந்தைய செல்வ வடிவத்தை நோக்கினாலும் இதே முடிவு வலுப்பெறும். ஆண்டிபட்டிக்கு அருகே வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்த, தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களுள் ஒன்று ஆகோள் பூசலில், அதாவது ஆநிரை கவரும் போரில், உயிர்விட்ட வீரனுக்கு எடுக்கப்பட்டது. மாடே செல்வமாயிருந்த சமூகத்தின் கல் அது. தமிழில் மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்றே ஒரு பொருள் உண்டு. அப்பொருளில் வள்ளுவரும் கல்வி அதிகாரத்தில் அதை ஆள்கிறார். பழைய ரஷ்ய மொழியிலும் கால்நடையைக் குறித்த சொல் பணத்தையும் கருவூலத்தையும் குறித்து வழங்கியது. வைகைக் கரையாரும் நோவ்கொரோத் நகரத்தாரும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே வழியில் நடந்திருக்கிறார்கள். உயிருள்ள மாட்டிலிருந்து உயிரற்ற வெள்ளிக்கு மதிப்பு இடம்பெயர முடிந்தது என்றால், அது எந்தப் பொருளோடும் ஒட்டிப் பிறந்த பண்பாக இருக்க முடியாது.

இனி உருவமே மதிப்பு என்பார் கூற்று. இந்திய மெய்யியலில் காரணத்துக்கும் காரியத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிய பழைய வழக்கு ஒன்று உண்டு. காரியம் தோன்றுமுன்பே தன் காரணத்துள் மறைந்து இருக்கிறது, குடம் மண்ணுக்குள் முன்னமே இருக்கிறது என்பது சற்காரியவாதம். சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் இதனைக் கொள்வர். குடம் மண்ணில் முன்பு இல்லாத புதுப்பொருள் என்பது அசற்காரியவாதம். நியாய வைசேடிகர் இதனைக் கொள்வர். குடத்தை வைத்து வாதிடும்போது இரு தரப்பும் சமபலத்தில் நிற்கின்றன. குடத்துக்குப் பதிலாகக் காசை வைத்தால் வழக்கு வேறு முகம் காட்டுகிறது. அச்சு விழுந்ததனால் வெள்ளியின் எடை கூடவில்லை, தூய்மை கூடவில்லை, நிறம் மாறவில்லை. குடத்தில் நீர் நிற்பதுபோல் புதிய பயன்பாடு எதுவும் அந்த வடிவத்தால் விளையவில்லை. ஆயினும் முன்பு இல்லாத ஓர் ஆற்றல் வந்துவிட்டது. அது வெள்ளிக்குள் மறைந்திருந்தது என்று சற்காரியவாதி சொல்வது எளிதன்று. அச்சினால் வெள்ளியில் உண்டானது என்று மற்றவர் சொல்வதும் பொருந்தாது, ஏனெனில் அதே அச்சை அதே வெள்ளியில் கள்ளக்காசு செய்வோன் அடித்தால் அந்த ஆற்றல் வருவதில்லை. இரு தரப்பும் பொருளுக்குள்ளேயே தேடுவதுதான் இடர்ப்பாடு.

சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் பகுதியில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு, மண்ணால் ஆன பொருள்கள் அனைத்தும் மண்ணே, பொன்னால் ஆனவை அனைத்தும் பொன்னே, வேறுபாடு வாக்கைப் பற்றி நிற்கும் பெயர் மட்டுமே என்று உணர்த்துகிறார். அத்வைதிகள் இதிலிருந்து பெயரும் உருவும் நிலையற்ற தோற்றங்கள் என்ற முடிவுக்குச் செல்வர். அம்முடிவு குடத்துக்கும் அணிகலனுக்கும் பொருந்தலாம். காசின் வகையில், வாக்கைப் பற்றி நிற்பது என்பது குறைபாட்டைச் சுட்டுவதாகாமல் காசின் இயல்பையே சுட்டுவதாகிறது. இந்திய ரிசர்வ் வங்கி வெளியிடும் ஒவ்வொரு தாளிலும், அதை வைத்திருப்பவருக்கு அத்தொகையைத் தருவதாக ஆளுநர் கையொப்பமிட்டு வாக்களித்திருப்பதைக் காணலாம். அத்தாளில் வெள்ளியும் இல்லை, நிறுக்கத்தக்க வேறு பொருளும் இல்லை. வாக்கு ஒன்றே இருக்கிறது. வாக்கினால் ஆன பொருள் பொய்ப்பொருள் ஆகிவிடாது. வாக்கு காக்கப்படும்வரை அது மெய். கைவிடப்பட்ட கணத்தில் அது காகிதம். 2016 நவம்பர் 8 நள்ளிரவோடு 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவையாயின. அன்று தாளின் ஓர் இழையும் மாறவில்லை, அச்சின் ஒரு கோடும் அழியவில்லை. அவற்றைத் தாங்கி நின்ற சொல் மட்டும் திரும்பப் பெறப்பட்டது. கையிலுள்ள ரொக்கத்தைக் கொண்டே கூலிக் கணக்கு முடியும் தோட்டங்களுக்கும் சந்தைகளுக்கும் அச்சொல்லின் எடை என்னவென்று அந்த மாதங்களில் தெரிந்தது.

இப்பொருள் பற்றிக் கூறியவர்களுள் மிக நுட்பமாகக் கண்டவர் ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் தங்கி விசுத்திமார்க்கம் என்னும் பாலி நூலை இயற்றிய புத்தகோசர் எனலாம். அறிவின் மூன்று படிகளை விளக்குவதற்கு அவர் எடுத்துக்கொண்ட உவமை காசுக் குவியலே. பலகையின்மேல் குவித்து வைத்த காசுகளைப் பேதைச் சிறுவன் ஒருவனும், நாட்டுப்புறத்தான் ஒருவனும், நாணயம் பார்க்கும் வண்ணக்கன் ஒருவனும் காண்கிறார்கள். சிறுவனுக்குக் காசுகளின் பலநிறக் கோலமும், நீளம், சதுரம், வட்டம் என்ற வடிவமும் மட்டுமே தெரிகின்றன. இவை மனிதருக்குப் பயன்படும் செல்வம் என்பது அவனுக்குத் தெரியாது. நாட்டுப்புறத்தானுக்கு வடிவமும் தெரியும், பயனும் தெரியும். ஆனால் இது நல்லது, இது கள்ளம், இது பாதி மதிப்புடையது என்று பிரிக்கத் தெரியாது. வண்ணக்கனோ காசைப் பார்த்தும், தட்டி ஓசை கேட்டும், முகர்ந்தும், சுவைத்தும், கையில் தூக்கி எடை பார்த்தும் அவ்வேறுபாடுகளை அறிகிறான். அதற்கு மேலும், இன்ன ஊரில், இன்ன நகரில், இன்ன மலையில் அல்லது ஆற்றங்கரையில், இன்ன ஆசானால் செய்யப்பட்டது என்பதையும் அறிகிறான். முதலாவது குறியை மட்டும் பற்றும் சஞ்ஞை. இரண்டாவது தன்மையையும் அறியும் விஞ்ஞானம். மூன்றாவது காரணங்களோடு சேர்த்து அறியும் பிரக்ஞை என்னும் மெய்யறிவு. போடியின் ஏல மையத்தில் ஏலக்காயை உள்ளங்கையில் அள்ளிப் பச்சையையும் திரட்சியையும் பார்த்த மாத்திரத்தில் எந்த மலைச்சரக்கு என்று சொல்லும் வியாபாரியின் தேர்ச்சி இவ்வண்ணக்கனுடைய தேர்ச்சிக்கு உறவுடையது. புத்தகோசர் குறிப்பிடும் நீள, சதுர, வட்ட வடிவங்கள் போடிநாயக்கனூரில் கிடைத்தவை போன்ற வெட்டுக் காசுகளையே நினைவூட்டுகின்றன.

இவ்வுவமையின் சிறப்பு, வண்ணக்கன் உலோகத்தையும் தள்ளவில்லை, உருவத்தையும் தள்ளவில்லை என்பதில் இருக்கிறது. அவன் இரண்டையும் ஐம்புலனாலும் ஆராய்கிறான். பின் அவற்றைக் கடந்து, காசைச் செய்த கையையும் இடத்தையும் நோக்கிப் போகிறான். காசின் மெய் என்பது, அது யாரால், எங்கே, எந்தப் பொறுப்பின்கீழ் உண்டாயிற்று என்ற தொடர்பில் இருக்கிறது என்பதே இதன் உட்கிடை. கௌடலியரின் அர்த்தசாத்திரம் நாணயம் சோதிக்கும் அதிகாரியை உருக் காண்பவன் எனப் பொருள்படும் ‘ரூபதர்சகன்’ என்ற பெயரால் வழங்குவதும் இங்கே கருதத்தக்கது. அரசின் அதிகாரிக்கு உருவைக் கண்டால் போதும். மெய்யறிவு நாடும் துறவிக்கு அது போதவில்லை.

தமிழர் வழிபாட்டு மரபு இவ்வினாவுக்கு நூலெழுதி விடை சொல்லவில்லை; செய்கையால் சொல்லியிருக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலும், வழக்கு இழுத்தடித்தாலும், மழை பொய்த்தாலும், வீட்டிலுள்ள மூத்த பெண் ஒரு ரூபாய்க் காசை எடுத்து, மஞ்சளில் நனைத்த துணித்துண்டில் முடிந்து, குலதெய்வத்தையோ வீரபாண்டி கௌமாரியம்மனையோ நினைத்துச் சாமி படத்தருகில் வைக்கிறாள். முடிந்த நேரம் முதல் அக்காசு செலவுக்கு ஆகாது. வீட்டில் எவ்வளவு முடை வந்தாலும் அதை யாரும் தொடமாட்டார்கள். அதன் வாங்கும் ஆற்றல் முழுவதும் நிறுத்திவைக்கப்பட்டு, கொடுத்த வாக்குக்குச் சாட்சியாக இருப்பது ஒன்றே அதன் வேலையாகிறது. இதற்குச் சாமிக்கு நேர்ந்துவிடுதல் என்றும், நிறைவேற்றுவதற்கு நேர்த்திக்கடன் என்றும் பெயர். சந்தையில் காசு கொடுத்தால் கடன் தீரும். மஞ்சள் துணியில் காசை முடிந்தால் கடன் தொடங்கும்.

இதைவிடவும் கூர்மையான எடுத்துக்காட்டு கண்மலர். அம்மன் கோயில்களின் வாசற்கடைகளில், கண் வடிவம் அழுத்தப்பட்ட மெல்லிய வெள்ளித் தகடுகளை விற்பார்கள். அவற்றோடு கை, கால், முழு ஆள் உருவங்களும் இருக்கும். கண்நோய் தீர வேண்டியவர் கண்மலரை வாங்கிச் சாத்துகிறார், அல்லது உண்டியலில் இடுகிறார். முல்லையாற்றின் கரையிலுள்ள வீரபாண்டியில், பார்வை இழந்த பாண்டிய மன்னன் அம்மனை வழிபட்டுக் கண்ணொளி பெற்றான் என்ற தலக்கதை வழங்குகிறது. சித்திரைத் திருவிழாவில் அக்கினிச்சட்டியோடு ஆயிரங்கண் பானையும் எடுத்துவருகிறார்கள். கண்மலரைக் கையில் வைத்துப் பார்த்தால், அது வெள்ளியை அடித்துத் தகடாக்கி, வெட்டி, அச்சு இட்டுச் செய்த பொருள். பாணினியின் விதிப்படி அதுவும் ரூப்யமே. முத்திரைக் காசுக்கும் அதற்கும் செய்முறையில் வேற்றுமை இல்லை. ஒன்றின் மேலுள்ள உரு, இதற்கு ஈடாக இவ்வளவு பெறலாம் என்று எவருக்கும் பொதுவாகச் சொல்கிறது. மற்றொன்றின் மேலுள்ள உரு, இன்ன உடலின் இன்ன நோவு என்று ஒருவருடைய துன்பத்தைச் சொல்கிறது. காசை யார் கொடுத்தாலும் ஒன்று. கண்மலரைக் கொடுத்தவர் யார் என்பதில்தான் அதன் பொருள் முழுதும் அடங்கியிருக்கிறது. உண்டியல் திறக்கும் நாளில் கோயில் அதிகாரிகள் கண்மலர்களை வெள்ளி என்ற கணக்கில் நிறுத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். அந்த எடையில் வேண்டுதல் ஏறாது என்பதை நிறுப்பவரும் அறிவார்.

இறந்தவர் நெற்றியில் சந்தனத்தோடு ஒட்டப்படும் ஒற்றை ரூபாயும் இவ்வகையைச் சேர்ந்ததே. கொண்டுசெல்ல முடியாதவருக்குக் காசு வைக்கும் வழக்கத்தை வெறும் சடங்கு என்று தள்ளிவிடுவோர், அந்தக் காசு வாங்குவதற்காக வைக்கப்படவில்லை என்பதைக் கவனிப்பதில்லை. செய்முறை செய்பவர்கள் நூறோடு ஒன்று சேர்த்து 101 என்று மொய் எழுதும்போதும் அந்த ஒற்றை ரூபாய்க்குக் கடைத்தெருவில் பெரிய பயன் இல்லை. உறவுக் கணக்கு இதோடு முடியவில்லை என்ற செய்தியை அது சுமக்கிறது.

இவை அனைத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது, காசின் மதிப்பு வெட்டிலும் இல்லை, உருவிலும் இல்லை, அவற்றைச் சாட்சியாக வைத்து மனிதர் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட வாக்கில் இருக்கிறது என்று கொள்வதே பொருந்தும். வெட்டு அவ்வாக்கின் அளவு. உரு அவ்வாக்கின் அடையாளம். கள்ளக்காசு அடிப்பதைக் களவோடும் பொய்யோடும் சேர்த்து எண்ணுவதற்குக் காரணம் இதுவே: அதில் திருடப்படுவது வெள்ளி மட்டுமன்று, ஊரார் ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையும் ஆகும். மஞ்சள் துணி முடிச்சைப் பிரித்துக் காசை எடுத்துச் செலவழிக்க அஞ்சும் மனம் மூடநம்பிக்கையுடையது என்று சிலர் கருதலாம். சொன்ன சொல் ஒரு பொருளில் தங்கும் என்பதை அம்மனம் சரியாகவே உணர்ந்திருக்கிறது.

இந்த ஆராய்ச்சியால் கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு நடைமுறையில் ஒரு கடமையும் இருக்கிறது. கிணறு வெட்டும்போதோ, தோட்டத்துக்குக் குழி எடுக்கும்போதோ, வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதோ பழங்காசுகள் கிடைத்தால், அவற்றை வெள்ளி விலைக்கு உருக்கக் கொடுப்பதும், சேகரிப்போரிடம் ஊர்ப்பெயர் சொல்லாமல் விற்பதும் ஒரே வகையான இழப்பையே தரும். உலோகம் எஞ்சும், அது எந்த ஆற்றங்கரையில் யார் கையில் இருந்தது என்ற செய்தி அழிந்துபோகும். போடிநாயக்கனூர்ப் புதையல் பாண்டியர் வரலாற்றுக்குச் சான்றானது, அது கிடைத்த ஊரின் பெயரோடு சேர்ந்து பதிவானதனால்தான். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் உரிய பங்கையும் அச்சட்டமே வகுத்திருக்கிறது. பழங்காசு கண்ணில் படுபவர்கள் அதைப் புளி தேய்த்துப் பளபளப்பாக்காமல், கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, தம் ஊர்க் கிராம நிர்வாக அலுவலரிடமேனும் முதலில் தெரிவிக்க வேண்டும்.